ரோட்டில் நின்று ஒரு வீட்டைப் படம் எடுத்த வகையில்

பொன்மலை, திருச்சி
வெள்ளிக்கிழமை காலை

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி, வழக்கறிஞர் விக்டர் அவர்களுக்கு,

பெனடிக்ட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் டோரதியும் இங்கே சுகம். டோரதியின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முந்தின நாள் வந்து, மழை பெய்ததும் போய்விடுகிறது. இந்தத் தெருவில் எல்லோரும் துணி காயப்போடுவதற்கு முன் அவளைத்தான் கேட்கிறார்கள். மதுரையில் தாங்களும் சம்பந்தியம்மாவும், எங்கள் மகள் லிசியும், தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான தம்பியும், பேரனும் குறைவில்லாமல் இருக்க அன்றாடம் வேண்டிக்கொள்கிறோம். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானாமே, தரையில் கிடக்கிற எதையும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் யோசிக்கலாம். என் போனை அணைத்து டோரதியின் அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். அதற்கான காரணம் போகப்போகத் தெரியும். முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் தங்களுக்கு ஓர் அம்மா போன் செய்து, தான் ஸ்ரீரங்கத்திலிருந்து பேசுகிற சப்-இன்ஸ்பெக்டர் என்றும், பெனடிக்ட் என்பவரைத் தெரியுமா என்றும் கேட்டார்கள். தாங்கள் அது போலீஸ் பெயரில் பணம் பறிக்கிற மோசடி அழைப்பு என்று நினைத்துவிட்டீர்கள். சம்பந்தி, அது மோசடி அழைப்பு அல்ல. அந்த அம்மா அசல் சப்-இன்ஸ்பெக்டர். பெனடிக்டும் அசல். அப்போது நான் அவர்களுடைய மேஜைக்கு எதிரே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

வருத்தப்பட்டு இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பேரனின் ஞானஸ்நான விருந்தில், பிரியாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே தாங்கள் எழுந்து நின்று, "சம்பந்தி ரிட்டயர் ஆயிட்டார், இனிமே கை சும்மா இருக்கக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரு கேமரா கொடுத்தீர்கள். எனக்கு ஆட்களை எடுப்பதில் ஆசை கிடையாது. ஆட்கள் கண்ணை மூடுவார்கள், முகத்தைத் திருப்புவார்கள், எடுத்த பிறகு குண்டாகத் தெரிகிறோம் என்பார்கள். கட்டடம் அப்படியல்ல, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும். ஆகவே கட்டடங்களை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, "யாராவது வந்து ஏன் எடுக்கிறீங்கன்னு கேட்டா என்ன பண்றது?" என்று தங்களிடம் காதோரமாகக் கேட்டேன். தாங்கள் காதோரமாகப் பதில் சொல்லவில்லை. கோர்ட்டில் பேசுகிற குரலில், "ரோடு பொது இடம் சம்பந்தி. ரோட்டுல நின்னு எந்தக் கட்டடத்தையும் எடுக்கலாம். காப்பிரைட் சட்டம் ஐம்பத்திரண்டாவது பிரிவைப் பாருங்க, கட்டடத்தைப் படம் எடுக்கிறது உரிமை மீறலே ஆகாது. ராணுவம், கிணுவம்னு தடை போட்ட இடமா இல்லாட்டி ஒருத்தன் உங்களைக் கேள்வி கேட்க முடியாது" என்றீர்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஓடுகிற ரயிலில் அடுத்தவர்களைக் கேள்வி கேட்டவன். டிக்கெட் எங்கே, அடையாள அட்டை எங்கே, இது உங்க பெர்த்தா என்று கேட்டுக் கேட்டே வயதானவன். இனி என்னை ஒருவரும் கேள்வி கேட்க முடியாது என்று ஒரு வக்கீல் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும், தாங்களே யோசித்துப் பாருங்கள். அன்றிரவு ஐம்பத்திரண்டாவது பிரிவை மாப்பிள்ளையிடம் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தேன்.

முதலில் போனது சத்திரம் பேருந்து நிலையம். அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜ் இருக்கிறது, மாடி வராந்தாவில் மரக் கம்பிகளும் வளைவுகளுமாக அவ்வளவு லட்சணம். பழக்கடை வாசலில் நின்று நிதானமாக நாலு படம் எடுத்தேன். ஐந்தாவது எடுக்கும்போது வராந்தாவில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்தார், துண்டைப் போட்டுவிட்டுப் பனியனோடு படியிறங்கி ஓடிவந்தார். நான் உடனே, "ரோடு பொது இடங்க, காப்பிரைட் சட்டம் ஐம்பத்திரண்டாவது பிரிவுல" என்று ஆரம்பித்தேன். அவர், "சட்டமெல்லாம் இருக்கட்டுங்க சார், அதுல நான் விழுந்திருக்கனா?" என்றார். பார்த்தோம். எல்லாப் படத்திலும் விழுந்திருந்தார். அவர் பெயர் ரத்தினவேல், ஊர் வையம்பட்டி. உழவு மாட்டுக்கு மருந்து வாங்க திண்டுக்கல் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நண்பர்களோடு இங்கே லாட்ஜில் சீட்டாட வந்திருக்கிறார். "கட்டடத்தைத் தாராளமா எடுங்க சார், நான் என்ன கட்டடமா?" என்று அவர் கேட்டதற்கு ஐம்பத்திரண்டாவது பிரிவில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு எடுக்கலாம் என்று பார்த்தால் வெளிச்சம் போய்விட்டது.

அடுத்தது புதிதாகக் கட்டிய ஒரு திருமண மண்டபம். பெயர் வேண்டாம். முகப்பில் யானை, குதிரை, தாமரை, இரண்டு தேவதை, நடுவில் ஒரு கடிகாரம். வாட்ச்மேன் வெள்ளைச்சாமி விசிலை ஊதிக்கொண்டு வந்து, "போட்டோ எடுக்கக் கூடாது" என்றார். நான் ரோட்டில் நிற்கிறேன் என்றேன். "நீங்க நிக்கிறது ரோடு இல்லைங்க, எங்க டைல்ஸ்" என்றார். குனிந்து பார்த்தேன், டைல்ஸ்தான். ஒரு தப்படி பின்னால் போனேன். "அதுவும் நாங்க போட்ட சிமெண்டு" என்றார். இன்னும் பின்னால் போனேன். அப்படியே இரண்டு பேரும் எது ரோடு என்று தேடிக்கொண்டே போய் எதிர்ப்பக்கச் சாக்கடை ஓரத்துக்கு வந்துவிட்டோம். அங்கே நின்றால் நான் கேமராவைத் தூக்குகிறபோதெல்லாம் துவாக்குடி பஸ் ஒன்று குறுக்கே வருகிறது. வெள்ளைச்சாமியே ஒரு கட்டத்தில் இரக்கப்பட்டுக் கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தினார். எடுத்து முடித்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அப்படியே என்னை ஒண்ணு எடுங்க சார், ஊருக்கு அனுப்பணும், நான் எங்க வேலை பார்க்கிறேன்னு அங்க ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதில் மண்டபம் தெரியவில்லை, வெள்ளைச்சாமியும் ஒரு பஸ்ஸும்தான் தெரிந்தார்கள்.

இப்படி எல்லாம் சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்தது. அப்புறந்தான் நான் வடக்குச் சித்திரை வீதிக்குப் போனேன்.

சம்பந்தி, அந்த வீட்டைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய காலத்து வீடு, தெற்குப் பார்த்த வாசல். வாசலுக்கு நேர் நடுவில் கோடு கிழித்தாற்போல இடது பாதி முழுக்க நீலம், வலது பாதி முழுக்க மஞ்சள். வாசல் கதவு இரட்டைக் கதவு, அதிலும் ஒரு கதவு நீலம், ஒரு கதவு மஞ்சள். மாடியில் ஒரே ஜன்னல்தான், அதுவும் பாதிப் பாதி. எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டே விசாரித்தேன். அண்ணன் பீமராவ், தங்கை சுபஸ்ரீ. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், அந்த அம்மா தபால் ஆபீசில் இருந்தவர்கள். அப்பா போன பிறகு வெள்ளையடிக்கும்போது என்ன வர்ணம் என்று பேச்சு வந்து, அது சண்டையாகி, நடுவில் சுவர் வைத்துக்கொண்டார்கள். பல வருஷமாக ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. அவர் நீலக் கதவு வழியாக வருவார், அவர்கள் மஞ்சள் கதவு வழியாக வருவார்கள். பால்காரர்கூட இரண்டு பேர்.

இதைக் கேட்டும் நான் சும்மா இருந்திருக்கலாம். காலை வெயில் சரியாக அந்த நடுக்கோட்டில் விழுந்துகொண்டிருந்தது. எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். டோரதியே பார்த்துவிட்டு, "இது நீங்க எடுத்ததா?" என்று கேட்டாள். அந்த மயக்கத்தில் படத்தை எங்கள் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே இப்படி எழுதினேன்: "அருமையான வீடு. தெற்குப் பார்த்த வாசல். நல்ல வெளிச்சம், காற்றோட்டம். கோபுர தரிசனம் உண்டு. வாசலில் கார் நிற்கும். பார்க்க விரும்புவோர் தொடர்புகொள்ளவும்." அடியில் என் பெயர், என் போன் நம்பர். என் நண்பர்கள் படத்தை நன்றாகப் பார்க்க விரும்பினால் பிரிண்ட் போட்டு வைத்திருப்பதைக் காட்டலாம் என்கிற எண்ணம்தான். காற்றோட்டத்தை எதற்கு எழுதினேன் என்று டோரதி கேட்கிறாள். எதிரே நின்றபோது காற்று வந்தது, எழுதினேன்.

நான் போட்ட படத்தை யாரோ யாருக்கோ அனுப்ப, அவர் யாருக்கோ அனுப்ப, நடுவில் எவரோ ஒரு புண்ணியவான் "நேரடி விற்பனை, தரகர் தொல்லை இல்லை" என்று சேர்த்துவிட்டார். எனக்கு இது தெரியாது. மறுநாள் காலையிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. நான் என் படத்துக்கு ரசிகர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"சார், பார்த்தோம், ரொம்ப அழகா இருக்கு" என்பார்கள். நான் நன்றி என்பேன். "என்ன விலை சொல்றீங்க?" என்பார்கள். "விலையா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க, நீங்க பார்த்துச் சந்தோஷப்பட்டா அதுவே எனக்குப் போதும்" என்பேன். "உள்ள எத்தனை ரூம் சார்?" என்று ஓர் அம்மா கேட்டார்கள். "உள்ளே நான் போனதே இல்லைங்க. இதை வெளியிலேருந்து பார்க்கிறதுதாங்க அழகு" என்றேன். "நேர்ல வந்து பார்க்கலாமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், தெருவில் நின்று பார்க்க யாருக்கும் தடையில்லை, ஐம்பத்திரண்டாவது பிரிவு இருக்கிறது என்று சொல்லி, ராஜகோபுரத்திலிருந்து எப்படிப் போக வேண்டும், எந்தக் கடைக்கு எதிரே நிற்க வேண்டும், எத்தனை மணி வெயில் நன்றாக இருக்கும் என்பதுவரை வழி சொன்னேன். டிக்கெட் பரிசோதகனுக்கு வழி சொல்லச் சொல்லியா தரவேண்டும்.

போனார்கள். காரில் போனார்கள், ஆட்டோவில் போனார்கள், கரூரிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வாஸ்து பார்க்கிறவரோடு போனது. அவர் திசைகாட்டியோடு நீலப் பக்கத்தில் நின்று, "இந்தச் சுவரை எடுத்துட்டா அமோகமா இருக்கும்" என்றாராம். பீமராவ் சார் உள்ளேயிருந்து இதைக் கேட்டார். தங்கைதான் தனக்குத் தெரியாமல் வீட்டை விற்கிறாள் என்று முடிவு கட்டினார். அதே நேரம் மஞ்சள் கதவில் வேறு ஒரு கோஷ்டி, "ஓனர் சார் காசே வேண்டாம்னு சொன்னாரே" என்று சுபஸ்ரீ அம்மாவிடம் கேட்டிருக்கிறது. அண்ணன்தான் வீட்டை யாருக்கோ சும்மா தூக்கிக் கொடுக்கிறார் என்று அந்த அம்மா முடிவு கட்டினார்கள். நேருக்கு நேர் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். பேச்சுத்தான் கிடையாதே. அன்று இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று காப்பிக்கடைக்காரர் பிற்பாடு சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் ஒரு மாதிரியாகிவிட்டது. இருக்கிற ஒரே கூரையும் கையைவிட்டுப் போகிறதென்று இரண்டு வயசான ஜீவன்கள் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டினியாக உட்கார்ந்திருக்க, நான் பொன்மலையில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு ரசிகர்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் தனித்தனி ஆட்டோவில் ஒரே காவல் நிலையத்துக்குப் போய், ஒருவர் மேல் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜோதி அம்மா, படத்துக்குக் கீழே இருந்த நம்பருக்குப் போட்டார்கள். நான் எடுத்து, "பார்த்தீங்களா, பிடிச்சிருந்துச்சா?" என்றேன். "பார்த்தேங்க. உங்களையும் பார்க்கணும். உடனே ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார்கள். ரசிகை ரயிலில் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துச் சட்டையை மாற்றிக்கொண்டு, கேமராவையும் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் ஒன்றாம் நடைமேடையில் உட்கார்ந்தேன். நானும் ரயில்வேக்காரன், ஸ்டேஷன் என்றால் எனக்கு ஸ்டேஷன்தான். மறுபடி போன் வந்தது.

"எங்கே இருக்கீங்க?"

"ஸ்டேஷன்லதாங்க இருக்கேன்."

"நானும் ஸ்டேஷன்லதான் இருக்கேன். உங்களைக் காணோமே."

"நான் தண்ணிக் குழாய் பக்கத்துல, நீலச் சட்டை போட்டிருக்கேங்க. நீங்க எந்த கோச்ல வந்தீங்க?"

அதற்கு அவர்கள் சொன்ன பதிலை எழுதவில்லை. ஒரு கான்ஸ்டபிள் வந்து என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். வாழ்க்கையில் எத்தனையோ பேரை ரயிலிலிருந்து இறக்கிப் போலீஸிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவர்கள் ஏன் அவ்வளவு அமைதியாக வந்தார்கள் என்பது அந்த பைக்கின் பின்சீட்டில்தான் விளங்கியது. வாய் உலர்ந்துவிடுகிறது.

உள்ளே போனால் பெஞ்சின் ஒரு கோடியில் பீமராவ் சார், மறு கோடியில் சுபஸ்ரீ அம்மா. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலியாக இருந்தது நடு இடம் மட்டும்தான். அதில் உட்காரச் சொன்னார்கள்.

ஜோதி அம்மா, "நீங்கதான் வீட்டை விற்கிறவரா?" என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்று ஐம்பத்திரண்டாவது பிரிவை ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தேன். அவர்கள் முழுவதும் கேட்டுவிட்டு, "சட்டம் சரிதான் சார். ரோட்டுல நின்னு எடுத்தீங்க, அதுல ஒரு தப்பும் சொல்ல முடியாது. படத்துக்குச் சட்டம் இருக்கு. நீங்க கீழே எழுதின காற்றோட்டத்துக்கு எந்தப் பிரிவு?" என்றார்கள். எங்கள் சம்பந்தி மதுரையில் பெரிய வக்கீல், அவர் பதில் சொல்வார் என்று சொல்லித் தங்கள் நம்பரைக் கொடுத்தேன். அப்போதுதான் அந்த போன்.

தாங்கள் சொன்னதை நினைவுக்குக் கொண்டுவருகிறேன். "அம்மா, இந்த மாதிரி போன் எனக்கு இந்த மாசத்துல நிறைய வந்தாச்சு. போன வாரம் என் பேர்ல பார்சல் வந்திருக்குன்னீங்க, இப்ப பெனடிக்டா? பெனடிக்டும் தெரியாது, கினடிக்டும் தெரியாது. அந்த ஆளைத் தாராளமா உள்ள வச்சுக்கோங்க." ஜோதி அம்மா பொறுமையாக, "சார், அவர் உங்க சம்பந்தின்னு சொல்றார்" என்றார்கள். தாங்கள், "என் சம்பந்தி ஒரு பயந்தாங்கொள்ளி அம்மா, அவர் ஸ்டேஷன் பக்கமே போகமாட்டார்" என்று சொல்லி போனை வைத்தீர்கள். அதன்பிறகு அந்த நம்பரிலிருந்து தங்களுக்குப் போன் போகவில்லை, தாங்கள் அதை பிளாக் செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஜோதி அம்மா என்னைப் பார்த்து, "நல்ல வக்கீல் சார். எல்லாரும் இப்படி உஷாரா இருந்துட்டா எங்களுக்குப் பாதி வேலை குறையும்" என்றார்கள். பயந்தாங்கொள்ளி என்ற வார்த்தையைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. டோரதிதான் மூன்று நாளாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வக்கீலும் கைவிட்டதால் நடந்ததை நானே சொன்னேன். படம் எடுத்தது, எழுதியது, ரசிகர்கள், எல்லாம். சொல்லி முடித்ததும் பீமராவ் சார் முதன்முறையாக அந்தக் கோடியைப் பார்த்தார். பார்த்தது தங்கையை, ஆனால் கேட்டது என்னிடம். "அப்போ, அவ விற்கலையா?" சுபஸ்ரீ அம்மாவும் என்னிடமே, "நான் எதுக்கு விற்கப் போறேன்? அவர்தான் இனாமாக் கொடுக்கறார்னு வந்தவா எல்லாம் சொன்னாளே" என்றார்கள். "இனாமா? எனக்கென்ன பைத்தியமா?" என்று அவர் என்னிடம் கேட்டார். இப்படி என் மூக்குக்கு முன்னாலேயே போக்குவரத்து நடந்தது. கடைசியில் இருவருக்கும் ஒன்று தெளிவாகிவிட்டது, குற்றவாளி நான்தான். "யார் சார் நீங்க? எங்காத்துக்கு எதிர்ல நின்னுண்டு காத்து வாங்கினா அதை ஊருக்கெல்லாம் எழுதணுமா?" என்று அந்த அம்மா ஆரம்பிக்க, "நன்னாக் கேளு சுபா" என்றார் பீமராவ் சார்.

அந்த அம்மா சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினார்கள். அவரும் சொல்லிவிட்டுத் திகைத்துப்போய் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஜோதி அம்மா மேஜையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கேமராவைப் பார்த்தேன்.

"அப்படி என்னதான் படம், காட்டுங்கோ" என்று அந்த அம்மாதான் கேட்டார்கள். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். இந்தப் பக்கமிருந்து அவரும் அந்தப் பக்கமிருந்து அவர்களும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். எதிர்ச் சாரியில் நின்று தங்கள் வீட்டை முழுதாக அவர்கள் பார்த்தே நாளாகிவிட்டது போலிருக்கிறது. வருகிறபோதும் போகிறபோதும் ஆளுக்கு அவரவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். சுபஸ்ரீ அம்மா விரலை வைத்து, "மேலே இது என்ன?" என்றார்கள். இன்னும் பெரிதாக்கினேன். மாடிக் கைப்பிடிச் சுவரில், நீலமும் மஞ்சளும் சேருகிற இடத்தில், ஒரு அரசங்கன்று. கன்று என்றா சொல்வது, ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதன் கீழே சுவர் வாய் பிளந்து விரிசல் ஜன்னல்வரைக்கும் இறங்கியிருந்தது. இவர் அது அவள் பக்கம் என்று விட்டிருக்கிறார், அவர்கள் அது அவர் பக்கம் என்று விட்டிருக்கிறார்கள்.

"அதுக்கு நேர் கீழேதானே அண்ணா உன் கட்டில் கிடக்கு?" என்றார்கள் அந்த அம்மா.

"உன் பூஜை ரூமும் அங்கேதானே இருக்கு."

"ஐப்பசி மழை பிடிச்சுண்டா என்ன ஆறது?"

"ஆளைக் கூப்பிட்டு இன்னிக்கே வெட்டிடலாம். வேரோட எடுக்கணும், இல்லாட்டா மறுபடியும் வந்துடும்."

இரண்டு பேரும் எழுந்தார்கள். புகாரை என்ன செய்வது என்று ஜோதி அம்மா கேட்டதற்கு பீமராவ் சார், "அதுக்கு இப்ப நேரமில்லைம்மா, சுவர் இடிஞ்சுடும்" என்றார். ஒரே ஆட்டோவில் ஏறிப் போனார்கள். போகும்போது வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன், திட்டட்டும். ஜோதி அம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, அந்த வாசகத்தை எல்லா இடத்திலும் எடுக்கச் சொல்லி, "போயிட்டு வாங்க சார், இனிமே படத்துக்குக் கீழே ஒண்ணும் எழுதாதீங்க" என்று அனுப்பிவைத்தார்கள்.

எங்கள் குழுவில் எடுத்துவிட்டேன். மற்ற இடத்தில் எடுக்க என்னால் முடியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நேற்று சேலத்திலிருந்து ஒருவர் காற்றோட்டம் எந்தத் திசையிலிருந்து என்று கேட்டார். அதனால்தான் அரிசி டின். டோரதி தெளிவாகச் சொல்லிவிட்டாள், "இந்த வயசுல போலீஸ் பைக்குல பின்னாடி உட்கார்ந்து போனது போதும், கேமராவைக் கொடுத்தவர்கிட்டயே அனுப்பிடுங்க." அவள் சொல்வது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. சட்டம் நம் பக்கம் இருப்பது வேறு, நாம் பெஞ்சின் நடுவில் உட்காருவது வேறு. ஆகவே இதனுடன் வரும் பார்சலில் தங்கள் அன்பளிப்பைத் தங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். தவறாக எண்ண வேண்டாம். இனி நான் எந்தக் கட்டடத்தையும் படம் எடுப்பதில்லை என்று டோரதி முன்னிலையில் தீர்மானம் செய்திருக்கிறேன். மாலையில் நடக்கப் போகிறேன், கையை வீசிக்கொண்டு.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. லிசிக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். பேரன் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை போடவும். தங்கள் வழக்குகள் எல்லாம் வாய்தா இல்லாமல் முடிய வேளாங்கண்ணி மாதா துணை நிற்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பெனடிக்ட்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசிப் பகுதியைத் தயவுசெய்து படிக்காதது போல விட்டுவிடவும். கவரை ஒட்டுகிற நேரத்தில் பீமராவ் சாரும் சுபஸ்ரீ அம்மாவும் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மரத்தை வெட்டியாயிற்றாம். வெட்ட வந்த கொத்தனார் விரிசலைப் பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்வதைவிடப் புதிதாகக் கட்டுவது சுலபம் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு பேருக்கும் மாடிப்படி ஏறவும் முடியவில்லையாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசி, வீட்டைக் கொடுத்துவிட்டு, லிப்ட் உள்ள அடுக்குமாடியில் ஒரே வீடாக எடுத்துக்கொண்டு சேர்ந்து இருப்பது என்று முடிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே இப்போது வீடு நிஜமாகவே விற்பனைக்கு. மரம் இல்லாமல் புதிதாக ஒரு படம் எடுத்துத் தர வேண்டும், கீழே பழைய வாசகமே இருக்க வேண்டும், ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது, முக்கியமாகக் காற்றோட்டம் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பார்சலில் கேமரா இல்லை, டோரதி செய்த அச்சுமுறுக்கு மட்டும் இருக்கிறது. போனையும் டின்னிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டேன். முதலில் போன் செய்தது சப்-இன்ஸ்பெக்டர் ஜோதி அம்மா. அவர்கள் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளாகவே சித்திரை வீதியில் ஓர் இடம் வேண்டுமாம், உள்ளே எத்தனை ரூம் என்று கேட்கிறார்கள். நாளைக் காலை வெயிலுக்குப் படம் எடுக்கப் போகிறேன். டோரதியும் பட்டுப்புடவையைத் தேய்த்து வைத்துக்கொண்டு, மஞ்சள் பக்கத்தில் நிற்பதா நீலப் பக்கத்தில் நிற்பதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.